சந்துக்குப் பட்ட கடன்

மான்குர்த் ரயில் நிலையத்தில் இறங்கி டிராம்பே போகும் பேருந்தைப் பிடித்தால் சற்று நேரத்தில் சீத்தா கேம்ப் வந்துவிடும். ஒரு பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம். மறுபக்கம் தானே கழிமுகத்தின் சேறும் அலையாத்தி மரங்களும். நடுவே, எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய சந்துகள். மும்பைத் தமிழில் அதற்குக் 'கல்லி' என்று பெயர். தமிழும் உருதும் மராத்தியும் ஒரே குழாயடியில் காதில் விழும்.

மக்கள் தாமாக விரும்பி வந்து குடியேறிய இடமல்ல இது. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அங்கிருந்த சுமார் 70,000 பேரைக் காவல் துறையை வைத்துப் பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த வெளியேற்றத்தைப் பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடியவர், கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புத் தேடி மும்பை வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பின்னாளில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்ற அவர், 2018இல் மறைந்தார்.

காற்றுப் புகாத ஓர் அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் இப்படிப்பட்ட குடியிருப்புகளில் காசநோய் எளிதாகத் தங்கிவிடுகிறது. எச்ஐவி தொற்று உள்ள ஒருவர் அங்கே இருந்தால் அவரைத்தான் அது முதலில் பிடிக்கிறது. உலகம் முழுவதும் எச்ஐவி உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் இன்றும் முதலிடம் காசநோய்க்குத்தான். ஆகவே சீத்தா கேம்பைப் போன்ற ஓர் இடத்தில் எச்ஐவி சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர் காசநோயை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இரண்டுக்கும் இன்று மருந்து இருக்கிறது. எந்த மருந்தை, எந்த அளவில், எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்ற அறிவும் இருக்கிறது. அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். அதில் கணிசமான பகுதி இந்திய ஏழைகளின் ரத்தத்திலும் சளியிலும் இருந்து எடுக்கப்பட்டது. கொடுத்தவர்களுக்கு அதன் பலன் முழுமையாகத் திரும்பிச் சேரவில்லை. மருத்துவ ஆய்வு இந்தச் சந்துகளுக்குப் பட்டிருக்கும் கடனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்னை சொன்ன முதல் பாடம்

1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அத்தனை பேருக்கும் படுக்கை இந்தியாவில் எங்கே இருந்தது?

வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதே மருந்துகள் வீட்டில். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான உணவில்லை, ஓய்வில்லை, நெரிசலுக்கும் குறைவில்லை. ஆனாலும் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது.

அந்த ஆய்வைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சிகிச்சை வென்றதற்கு மருந்து மட்டும் காரணமல்ல. மையத்தின் ஊழியர்கள் நோயாளிகளைத் தேடி வீட்டுக்கே போனார்கள். மருந்து சாப்பிட்டாரா என்று பார்த்தார்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். உலகம் மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டது. வாசல்வரை வந்த அந்தக் கால்களை விட்டுவிட்டது.

ஒரு மராட்டியப் பெண் சென்னைக்குச் செய்தது

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறில் எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டில் மும்பையிலும் எய்ட்ஸ் நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டார்.

பல ஆய்வாளர்களின் பணி கண்டுபிடிப்போடு முடிந்துவிடும். சுனிதியின் பணி அங்கேதான் தொடங்கியது. நோயாளிகளைத் தொடவே மருத்துவர்கள் தயங்கிய காலத்தில், 1993இல் தன் தந்தை ஒய்.ஆர்.கெய்தோண்டேயின் பெயரில் ஓர் ஆய்வு, சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்கே ரத்தம் எடுத்தவர்களே ஆலோசனையும் சொன்னார்கள், மருந்தும் கொடுத்தார்கள். எச்ஐவி உள்ளவர்களுக்குள் திருமணம்கூடப் பேசி முடித்து வைத்தார் சுனிதி. மராட்டியக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், தமிழ் நோயாளிகளோடு தன் வாழ்நாளைக் கழித்தார். அவர் 2015இல் மறைந்த பிறகு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மராட்டிய மண்ணில் வாழும் தமிழ் நோயாளிகளைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அவர் நினைவு வராமல் போவதில்லை.

எச்ஐவி தடுப்பின் போக்கையே மாற்றிய ஒரு பன்னாட்டு ஆய்வில் அவருடைய மையமும் புணேயின் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றன. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த 1,763 இணைகளை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு அது. நோய் முற்றும்வரை காத்திராமல் உடனே மருந்து தொடங்கினால், துணைக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் அது நிறுவியது. மருந்து உண்பவரைக் காக்கும் மாத்திரை அவர் மனைவியையும் காக்கிறது, கணவனையும் காக்கிறது என்று தெரிந்தது. எச்ஐவி உறுதியான உடனேயே சிகிச்சை என்ற கொள்கையை இந்தியா 2017இல் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால், சென்னையிலும் புணேயிலும் மீண்டும் மீண்டும் கையை நீட்டி ரத்தம் கொடுத்த அந்தத் தம்பதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த ஆய்விதழிலும் இல்லை.

தன் முடிவைத் தானே திருத்திய ஆய்வு

நாட்டின் காசநோய்த் திட்டம் 1997 முதல் வாரத்துக்கு மூன்று நாள் மருந்து கொடுத்துவந்தது. அப்படி இடைவெளி விட்டு மருந்து கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்ததில் சென்னை நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், எச்ஐவியும் சேர்ந்து உள்ளவர்களுக்கு இது போதுமா?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் அதே நிறுவனத்தார்தான். மருத்துவ ஆய்வாளர் நரேந்திரன் கோபாலனும் சௌமியா சுவாமிநாதனும் உள்ளிட்ட குழுவினர், இரு நோய்களும் உள்ள 331 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. தினமும் மருந்து சாப்பிட்டவர்களில் 91 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை வெற்றி. வாரம் மூன்று நாள் சாப்பிட்டவர்களில் 77 விழுக்காட்டினருக்குத்தான். அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. இடைவெளி விட்டுச் சாப்பிட்டவர்களிடம்தான், காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமி உருவாகியிருந்தது.

தன் வீட்டில் பிறந்த முறையைத் தானே சோதித்து, போதாது என்று சொல்ல ஆய்வாளருக்கு நேர்மை வேண்டும். அதற்குள் நாடும் தினசரி மருந்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த 77 விழுக்காட்டுக்கு வெளியே நின்றவர்கள் யார்? அவர்கள் தோற்றதால்தான் நமக்கு இந்தப் பாடம் கிடைத்தது. கடன் என்று நான் சொல்வது இதைத்தான்.

நோயாளிகளின் குரல்கள்

மான்குர்துக்கு அடுத்த நிலையம் கோவண்டி. மும்பையில் 2006 முதல் பணியாற்றிவந்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் சிகிச்சையகம் ஒன்று அங்கே நடந்தது. எச்ஐவியோடு, எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத காசநோயும் சேர்ந்த நோயாளிகளை அது ஏற்றுக்கொண்டது. பல மருத்துவமனைகள் கைவிட்டவர்கள் அவர்கள்.

அந்த அமைப்பின் ஆய்வுப் பணியை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் கிரேக்க நாட்டைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பெத்ரோஸ் இசாகிடிஸ். மருந்தை எதிர்க்கும் காசநோய்க்கு அப்போது இரண்டு ஆண்டுகள்வரை மருந்து சாப்பிட வேண்டும். மாதக்கணக்கில் ஊசி, ஒரு கை நிறைய மாத்திரை, வாந்தி, காது மந்தம், மனச்சோர்வு. இவற்றோடு எச்ஐவி மாத்திரைகளும். இவ்வளவையும் ஒரு குடிசைவாசி வீட்டிலிருந்தபடியே தாங்குவாரா? தாங்க வைக்க முடியும் என்று இசாகிடிஸ் குழுவினர் 2011இல் பதிவுசெய்தார்கள். நோயாளியின் வீட்டருகே மருந்து, ஆலோசனை, உணவு உதவி என்று எல்லாம் சேர்ந்தால் முடியும் என்றார்கள். சேத்துப்பட்டு சொன்ன அதே பாடம், அரை நூற்றாண்டு கழித்து, இன்னும் கொடிய இரட்டை நோயோடு!

அந்தக் குழுவின் பணியில் எனக்கு மிகவும் மதிப்பு ஏற்படுத்தியது வேறொன்று. நோயாளிகளிடமும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, அக்கா, மனைவியிடமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதையே ஓர் ஆய்வாக 2013இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வைத் தனியாக அளந்து, அதற்கும் சிகிச்சை தேவை என்றார்கள். வளரிளம் பருவத்தினரிடம் தங்கள் சிகிச்சை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். சளிப் பரிசோதனை முடிவு எப்படி ஒரு தகவலோ, அழுகையும் அப்படியே ஒரு தகவல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மருந்தை நிறுத்தியவரை 'ஒத்துழைக்காதவர்' என்று பதிவேட்டில் எழுதி மூடிவிடும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

ஒரு மருந்துச்சீட்டின் ஆபத்து

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம். அரசின் எச்ஐவி சிகிச்சை மையங்களான ஏஆர்டி மையங்களில் இன்று பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்படுவது, மூன்று மருந்துகள் சேர்ந்த, நாளுக்கு ஒரே மாத்திரை. அதில் முக்கியமானது டொலுடெக்ராவிர். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்து தருவதாக அறிவிக்கும்வரை, ஒரு நோயாளிக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல், மும்பை ஜே.ஜே., தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி மருந்து இலவசமாகவே கிடைக்கத் தொடங்கியது. பெரிய பயணம்தான் இது.

ஆனால் இன்றைய அந்த ஒற்றை மாத்திரைக்கு ஒரு பலவீனம் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிவிட்டு டொலுடெக்ராவிரை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் இரு நோயும் உள்ளவர்கள் டொலுடெக்ராவிரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என இரண்டு வேளை சாப்பிட வேண்டும். இதைச் செய்ய, காசநோய்க்கு மருந்து எழுதும் மருத்துவருக்கு அவருடைய எச்ஐவி தெரிந்திருக்க வேண்டும். எச்ஐவிக்கு மருந்து கொடுப்பவருக்கு அவருடைய காசநோய் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தில் நடப்பது என்ன? இருமல் வந்தால் கூலித் தொழிலாளி முதலில் போவது முனையில் இருக்கும் தனியார் மருத்துவரிடம். 2010இல் மும்பை நுரையீரல் மருத்துவர் ஸரீர் உத்வாடியா குழுவினர் தாராவியில் தனியார் மருத்துவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 106 பேர் காசநோய்க்கு 63 வகையாக மருந்து எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே தாராவியில் நடந்த ஆய்விலும் இதே குழப்பம்தான். அந்த மருத்துவரிடம் நோயாளி தன் எச்ஐவியைச் சொல்வாரா? அதே சந்தில் வசிப்பவர், அதே சந்தில் பெண் கொடுத்து எடுத்தவர். வாய் திறக்க மாட்டார். அவர் ஒளிக்கும் அந்த ஒரு சொல், இரண்டாவது மாத்திரையை அவருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. களங்கம் மனதைத்தான் வதைக்கும் என்று நினைக்கிறோம். அது மருந்தின் அளவையும் குறைக்கிறது.

தூரமும் ரகசியமும்

அப்படியானால் சிகிச்சையைச் சீத்தா கேம்புக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மான்குர்த்திலிருந்து ஹார்பர் ரயில் ஏறினால் சிவ்ரி காசநோய் மருத்துவமனைக்கும் போகலாம், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கி ஜே.ஜே.வுக்கும் போகலாம். வீட்டருகில் மருந்து கிடைத்தாலும், யார் கண்ணிலும் படாமல் இருக்க இவ்வளவு தூரம் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தத் தூரம் ஒரு பாதுகாப்பு. ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு.

ஆகவே 'எச்ஐவி மையம்' என்று பலகை மாட்டி ஓர் அறையைத் திறந்துவைப்பது தீர்வாகாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்க வருபவர்கள் நிற்கும் அதே வரிசையில், அதே கவுண்டரில், இந்த மருந்தும் கிடைக்க வேண்டும். எங்கே வாங்குவது என்பதை நோயாளியே முடிவுசெய்ய வேண்டும். ஒப்புதலின்றிப் பரிசோதிக்கக் கூடாது, ரகசியத்தை வெளியிடக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் உள்ளடக்கத்தை இந்தச் சந்துகளில் எத்தனை பேருக்கு அவரவர் மொழியில் சொல்லியிருக்கிறோம்?

கடனை அடைக்கும் வழி

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. ஆய்வுகள் ஏற்கெனவே சொன்னவைதான்.

முதலாவது, எச்ஐவிக்கும் காசநோய்க்கும் ஒரே இடத்தில், ஒரே நாளில் சிகிச்சை. ஏஆர்டி மையத்திலேயே காசநோய் மருந்தும் தரும் முறை நாட்டில் இருக்கிறது. அது தனியார் மருத்துவரிடம் முதலில் போகும் நோயாளிக்கும் எட்ட வேண்டும். அந்த மருத்துவரை விரட்டுவதால் பயனில்லை. சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுக்க வேண்டும்; சந்தேகம் வந்தால் அழைத்துக் கேட்க ஓர் ஆளைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது. 2020 பொதுமுடக்கத்தில் வேறு வழியில்லாமல் இதைச் செய்தார்கள். நெருக்கடியில் முடிந்தது, சாதாரண நாளிலும் முடியும். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கூலி இழப்பது நான்கு நாளாகக் குறையும்.

மூன்றாவது, மொழி. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவருகிறது. தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் பாடம் சொல்ல வேண்டும் என்பது அதற்குத் தெரியும். தமிழ்த் தாய்க்கு இரண்டாவது மாத்திரையை ஏன் சாப்பிட வேண்டும் என்பதையும் தமிழில் சொல்ல வேண்டும். ஆலோசனைக்கு இந்தி தெரிந்தால் போதாது. உடம்பைப் பற்றியும் உறவைப் பற்றியும் மனிதர்கள் தாய்மொழியில்தான் உண்மை பேசுவார்கள்.

நான்காவது, உணவு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான பெரும் ஆய்வு, காசநோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான உணவு கொடுத்தால் வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. 2024 நவம்பர் முதல் காசநோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை என்பது வரவேற்கத்தக்கது. அது குடும்பத்தின் தட்டுவரை நீள வேண்டும்.

ஐந்தாவது, ஆய்வாளர்களுக்கு. ஆய்வின் பலன் பங்கேற்ற சமூகத்துக்குச் சேர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கேட்கின்றன. சந்தில் ரத்தம் எடுத்தவர்கள், முடிவு வந்ததும் அதே சந்துக்குத் திரும்பி வந்து, "உங்களிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டோம்" என்று அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். ஆய்விதழில் அச்சாவதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை.

நாட்டில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் மருந்தை விட்டுவிட்ட ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏன் வரவில்லை?" என்று குற்றம் சாட்டாமல் கேட்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது, புதிய மருந்து கண்டுபிடிப்பதைவிட மலிவானது. சேத்துப்பட்டு 1956இலேயே இதைச் செய்து காட்டியது.

ஜனதா காலனியில் இளைஞராக இருந்தபோது ஜோக்கின் அற்புதம் செய்த ஒன்றை அவரே சொல்லியிருக்கிறார். குப்பை அள்ள மாநகராட்சி வராததால், காலனிக் குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். அதிகாரிகள் பேச வந்தார்கள். அந்தக் குழந்தைகளின் தலைமுறைதான் பின்பு சீத்தா கேம்பில் வந்து இறக்கப்பட்டது. அன்று அவர்கள் அலுவலக வாசலுக்கு நடந்தார்கள். இன்று இருமிக்கொண்டு வீட்டுக்குள் படுத்திருப்பவரால் எங்கும் நடக்க முடியாது. இந்த முறை நடக்க வேண்டியது மாநகராட்சியும் மருத்துவமும்தான். கையில் மாத்திரையோடு, அவர் வாசல்வரை.